ரிப்பன் கட்டிய கழிப்பறை

பள்ளிக்கூடத்திலேயே அழகான கட்டடம் எது என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். வெள்ளைச் சுவர். நீலக் கதவு. உள்ளே பளபளவென்று டைல்ஸ். சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்றபடி எல்லாமே குட்டிக் குட்டியாக இருக்குமாம்.

'இருக்குமாம்'தான். யாரும் பார்த்ததில்லை. வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். அதற்குப் பின்னால் ஒரு முரட்டுப் பூட்டு. சுவரில் பதித்த கல்வெட்டைக்கூடத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

அது பள்ளியின் புதிய கழிப்பறை.

பழைய கழிப்பறையை இடித்துவிட்டுத்தான் அதே இடத்தில் இதைக் கட்டினார்கள். அதனால் அவசரம் என்றால் சாலையைக் கடந்து, எதிரே இருக்கும் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அதுவும் நினைத்த நேரத்தில் முடியாது. இடைவேளை மணி அடித்த பிறகு, வரிசையில் நின்று, ஒரு டீச்சர் வண்டிகளை நிறுத்தி வழிவிட்ட பிறகுதான் போகலாம். ஐந்தாம் வகுப்பு முதலில், ஒன்றாம் வகுப்பு கடைசியில். அவர்கள் முறை வருவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

"போங்க, போங்க, வகுப்புக்குப் போங்க!" என்பார் டீச்சர்.

வகுப்புக்குப் போகக் காலுக்குத் தெரியும். வயிற்றுக்கு அது புரிய வேண்டுமே!

கடுகின் தம்பி ஒன்றாம் வகுப்பு. கடுகு ஐந்தாம் வகுப்பு. ஆள் சின்னவள், பேச்சில் காரம் அதிகம். அதனால் தெருவே அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடும்.

தம்பி கெட்டிக்காரன். ஒரு வழி கண்டுபிடித்தான். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். உதடு காய்ந்து, மத்தியானத்துக்குள் தலை வலிக்க ஆரம்பித்துவிடும். ஆனாலும் குடிக்க மாட்டான்.

அன்றைக்கு என்ன ஆனதோ, தாகம் தாங்காமல் கொஞ்சம் குடித்துவிட்டான். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவன் கால்சட்டை நனைந்துவிட்டது.

"டீச்சர், குழாய் உடைஞ்சிடுச்சு!" என்று முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கத்தினான்.

வகுப்பே சிரித்தது. அன்று முதல் தம்பிக்குப் பெயர் 'குழாய்'.

மறுநாள் காலையில் தம்பியைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"வெளிய வாடா, நேரமாச்சு" என்றாள் கடுகு.

"நான் இனிமே பள்ளிக்கூடம் போக மாட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"பெரியவனாகி, கல்யாணம் ஆகுற வரைக்கும்."

அம்மா ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் சீப்போடு வந்தார். அவர் துணி ஆலையில் சட்டைக்குப் பொத்தான் தைப்பவர். அப்பா லாரியோடு எந்த ஊரில் இருக்கிறாரோ, அது லாரிக்குத்தான் தெரியும்.

"அவன் போகலைன்னா வீட்டுல யாரு பாத்துக்குறது? நான் லீவு போட்டா என் மெஷின்ல வேற ஆளை உக்கார வெச்சிடுவாங்க" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கடுகு, நீ கொஞ்ச நாள் நின்னுக்கோயேன்" என்றார்.

"நானா? குழாய் உடைஞ்சது அவனுக்கு. நான் எதுக்கும்மா நிக்கணும்?"

"நீதானே அக்கா?"

அக்காவாகப் பிறந்தது அவள் செய்த தப்பா? கடுகுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினாள்.

"டேய், அந்தப் பூட்டை நான் திறக்க வைக்கிறேன். வெளிய வா."

"எப்படி?"

"அது தெரிஞ்சா இந்நேரம் திறந்திருக்க மாட்டேனா? வாடா."

தம்பி வந்தான். ஆனால் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை அழுதுக்கிட்டு வந்தான்னா, ரெண்டு பேரும் வீட்டுலதான். எனக்கு வேற வழி இல்லைம்மா."

கடுகு நேராகத் தலைமை சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் வெள்ளை உடையும் மூக்குக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, வாழ்த்து மடலுக்கு எந்த நிற உறை நன்றாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து தொங்கியது.

"சிஸ்டர், கழிப்பறையைக் கட்டி முடிச்சாச்சுதானே?"

"முடிச்சாச்சு கண்ணு. மழைக்கு முன்னாடியே முடிச்சாச்சு."

"தண்ணி வருதா?"

"ஜோரா வருது."

"அப்ப ஏன் சிஸ்டர் பூட்டு?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது அரசாங்கப் பணத்துல கட்டினது கண்ணு. அதனால அரசாங்க அதிகாரி வந்து ரிப்பன் வெட்டணும். நம்மளது சபைப் பள்ளிக்கூடம். அதனால ஆயர் வந்து ஜெபம் பண்ணணும். நம்ம சபைக்கு நாலு பள்ளிக்கூடம். நாலுக்கும் அரசாங்கம் கட்டடம் குடுத்திருக்கு. ஒருத்தருக்கு நூலகம், ஒருத்தருக்குக் கணினி அறை, ஒருத்தருக்கு வகுப்பறை, நமக்கு இது. நாலையும் ஒரே நாள்லதான் திறக்கணும். ஒண்ணை முதல்ல திறந்தா மத்த பள்ளிக்கூடத்துக்காரங்க கோவிச்சுப்பாங்க."

"அப்ப மத்தது எப்ப முடியும்?"

"நூலகத்துக்குக் கூரை போட வேண்டியிருந்துச்சு. அதான் தாமதம்."

"புத்தகம் காத்திருக்கும் சிஸ்டர். எங்க தம்பிக்குக் காத்திருக்க முடியாதே."

சிஸ்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. கை சாவிக்கொத்தைத் தொட்டது. ஆனால் அவருக்கும் மேலே தாளாளர் சிஸ்டர் இருக்கிறார். நாலு பள்ளிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. அவர் இருமினாலே நாலு பள்ளியிலும் மணி அடிக்கும் என்பார்கள். சிஸ்டரின் கை சாவியை விட்டுவிட்டது.

"கூரை வேலை நேத்துதான் முடிஞ்சுது. வர்ற வெள்ளிக்கிழமை விழா. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு. அப்புறம், இவ்வளவு பேசுறியே, வரவேற்புரையை நீயே பேசிடு."

வரவேற்புரையை எழுதியவர் தமிழ் டீச்சர். மூன்று பக்கம். 'கல்விக் கதிரவனே! கருணைக் கடலே! கட்டடங்களின் காவலரே!' என்று தொடங்கியது.

கடுகு முழுவதும் படித்துவிட்டுக் கேட்டாள். "டீச்சர், இதுல கழிப்பறைன்னு ஒரு தடவைகூட வரலையே?"

"ச்சீ! மேடையில அந்த வார்த்தையைச் சொல்லலாமா? மூணாம் பக்கம் பாரு. 'சுகாதார வளாகம்'னு எழுதியிருக்கேன்."

"ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் புரியாதே?"

"அவங்களுக்கு எதுக்குப் புரியணும்? பேசுறது அதிகாரிக்கு."

வெள்ளிக்கிழமையும் வந்தது. பந்தல், ஒலிபெருக்கி, வாடகை நாற்காலிகள் எல்லாம் வந்தன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன் வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். காலை பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி பத்துக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. விழா நடக்கும் நேரத்தில் சாலையைக் கடக்க யாரையும் விடவில்லை. இடைவேளையும் கிடையாது.

தம்பி ஒரு முட்டியை மடக்கி, இன்னொரு காலில் நின்று, ஆகாயத்தைப் பார்க்க ஆரம்பித்தான். மேடை ஓரத்தில் நின்ற கடுகு அதைப் பார்த்தாள். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவன் கால்சட்டை நனைந்தால் அவ்வளவுதான். அவன் படிப்பும் போச்சு, அவள் படிப்பும் போச்சு.

ஒருவழியாக மூன்று வண்டிகள் வந்து நின்றன. தாளாளர் சிஸ்டர் இறங்கினார். குட்டையாக, குண்டாக, சிரித்த முகத்துடன் ஆயர் இறங்கினார். கடைசியாக நெடுநெடுவென்று உயரமான அதிகாரி இறங்கினார். இறங்கிய வேகத்தில் சுற்றுமுற்றும் எதையோ தேடினார்.

"வாங்க ஐயா! முதல்ல பழரசம்!" என்று தலைமை சிஸ்டர் தட்டை நீட்டினார்.

பாம்பைப் பார்த்ததுபோல அதிகாரி பின்வாங்கினார்.

"வேண்டாம்மா! நூலகத்துல இளநீர் குடுத்தாங்க. கணினி அறையில காபி. வகுப்பறை திறந்தப்போ ஏதோ பச்சைக் கலர்ல, பெரிய டம்ளர்ல..." என்று சொல்லிவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டார். "சிஸ்டர், இங்க கை கழுவுற இடம் எங்க இருக்கு?"

"அடடா, நீங்க எதுக்குப் போகணும்? இங்கயே கொண்டு வரச் சொல்றேன்!"

ஒரு டீச்சர் அகலமான பாத்திரத்தைப் பிடித்தார். இன்னொரு டீச்சர் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் சலசலவென்று விழுந்தது. அதிகாரி கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

விழா தொடங்கியது. முதலில் நாலாம் வகுப்பின் பாட்டு. பாட்டு ஓர் ஆற்றைப் பற்றியது. மலையில் பிறந்து, அருவியாய்க் கொட்டி, கடல்வரை ஓடுகிற ஆறு. ஒவ்வொரு அடிக்கும் நடுவே பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, "சளசள, சளசள!" என்று பாட வேண்டும். நன்றாகப் பாடினார்கள். அதிகாரி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்ததாக வரவேற்புரை!"

கடுகு ஒலிபெருக்கியின் முன்னால் வந்து நின்றாள். ஆள் தெரியவில்லை என்று யாரோ ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"கல்விக் கதிரவனே! கருணைக் கடலே!"

கடல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். நிற்க முடியாதவர்போல ஒரு முட்டியை மடக்கினார். ஆகாயத்தைப் பார்த்தார்.

கடுகு அவரைப் பார்த்தாள். பிறகு முன் வரிசையில் தம்பியைப் பார்த்தாள்.

ஒரு முட்டி மடங்கியிருந்தது. பார்வை ஆகாயத்தில் இருந்தது. பற்கள் இறுகியிருந்தன. ஒருவர் பனைமர உயரம், ஒருவன் பெஞ்சு உயரம். மற்றபடி அச்சு அசல் ஒரே மாதிரி நின்றார்கள்.

'அட, இவருக்கும் அதேதான்!' என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

அப்போது அதிகாரி தாளாளர் சிஸ்டரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "மன்னிச்சுக்கோங்க, ஒரு அவசர வேலை. நான் கிளம்பணும். இதை இன்னொரு நாள் வந்து திறந்து வைக்கிறேன்." அவர் கை ஓட்டுநரை நோக்கி அசைந்தது. "வண்டியை எடுப்பா!"

இன்னொரு நாளா?

இன்னொரு நாள் என்றால் எந்த நாள்? இன்னொரு கூரையா? இன்னொரு பந்தலா?

மேடைக்குக் கீழே தமிழ் டீச்சர் அடுத்த வரியை உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்தார். கட்-ட-டங்-க-ளின் கா-வ-ல-ரே!

ஒரே வார்த்தையில் அவரை நிறுத்திவிடலாம். 'ஐயா, உங்களுக்கு ஒண்ணுக்கு வருதா?' என்று ஒலிபெருக்கியில் கேட்டால் போதும். கேள்வி கடுகின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் 'குழாய் உடைஞ்சிடுச்சு' என்ற கத்தலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று தம்பியின் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த முகம் யாருக்கும் வரக்கூடாது, பெரிய அதிகாரியாக இருந்தாலும்.

அவள் கேள்வியை விழுங்கினாள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க!" என்றாள்.

அதிகாரி நின்றார்.

"எனக்கு இன்னும் மூணு பக்கம் பேச இருக்கு. அப்புறம் தாளாளர் சிஸ்டர் அறிக்கை படிப்பாங்க. அப்புறம் நடனம். அது எல்லாம் எப்ப வேணும்னாலும் நடக்கலாம் ஐயா. எங்க ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க. முதல்ல கழிப்பறையைத் திறந்து விடுங்க!"

தமிழ் டீச்சர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தாளாளர் சிஸ்டர் இருமினார். பழக்க தோஷத்தில் வாட்ச்மேன் ஓடிப்போய் மணி அடித்துவிட்டார்.

கடுகு நிறுத்தவில்லை.

"திறந்தா மட்டும் போதாது ஐயா. எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு நீங்களே உள்ள போய்ப் பாக்கணும். தனியா போய், கதவைச் சாத்திக்கிட்டுப் பாத்தாதான் சரியாத் தெரியும்."

ஒரு நொடி அதிகாரிக்குப் புரியவில்லை. அடுத்த நொடி புரிந்தது. கடுகைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கும்பிடு இருந்தது.

"ஆய்வு!" என்று கத்தினார். "கண்டிப்பா ஆய்வு பண்ணணும்! அரசாங்கப் பணம் ஆச்சே!"

சொல்லி முடிப்பதற்குள் மேடையிலிருந்து குதித்துவிட்டார். தட்டில் கத்தரிக்கோலை ஏந்தி நின்ற டீச்சரைத் தாண்டி ஓடினார். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வருகிறவரைப்போல மார்பாலேயே ரிப்பனை அறுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாவிட்டாலும் பார்க்க நன்றாக இருந்தது.

பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாவி! சிஸ்டர், சாவி!"

தலைமை சிஸ்டர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "இதோ ஐயா... இல்லை, இது அலுவலகத்துச் சாவி. இது ஜெப அறை..."

"சிஸ்டர்!"

"இது பீரோ சாவி..."

"சிஸ்டர், சீக்கிரம்!" இந்தத் தடவை கத்தியது அதிகாரி இல்லை. ஆயர். அவரும் எப்போது ஓடிவந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரும்தானே மூன்று பள்ளிகளிலும் குடித்துவிட்டு வந்திருக்கிறார்? "நானும் உள்ள போய், ஒவ்வொரு கதவா ஆசீர்வதிக்கணும்!" என்றார்.

பூட்டு திறந்தது. ஆய்வும் ஆசீர்வாதமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தன.

ஒரு விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை. கதவுகள் சின்னப் பிள்ளைகளின் உயரத்துக்குத்தான் இருந்தன. சாத்திய கதவுக்கு மேலே அதிகாரியின் தலையும் தோளும் தெரிந்தன. பக்கத்துக் கதவுக்கு மேலே ஆயரின் தொப்பி தெரிந்தது.

"வேலைப்பாடு நல்லா இருக்கு" என்றது தலை, சுவரைப் பார்த்தபடி.

"ரொம்ப நிம்மதியா இருக்கு" என்றது தொப்பி.

புகைப்படக்காரர் ஆவலோடு கேமராவைத் தூக்கினார். தாளாளர் சிஸ்டர் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அதிகாரி வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாசலில் ஒற்றைக் காலில் நின்ற தம்பியைப் பார்த்ததும் அவசரமாக விலகி வழிவிட்டார்.

"நீ போப்பா! ஓடு, ஓடு!"

தம்பி ஓடினான். அவனுக்குப் பின்னால் ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஓடியது. தம்பிக்குப் பெயர் வைத்த முன் பெஞ்சுப் பையன், இரண்டு கைகளாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்கடா, தள்ளுங்கடா!" என்று அழாத குறையாக ஓடினான். முதல் கதவிலிருந்து வெளியே வந்த தம்பி அவனைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இங்க காலியா இருக்கு, வா" என்றான்.

அதிகாரி கடுகைக் கூப்பிட்டார்.

"இதை எப்பம்மா கட்டி முடிச்சாங்க?"

"மழைக்கு முன்னாடியே முடிச்சாச்சு ஐயா."

"அப்புறம் ஏன் பூட்டி வெச்சிருந்தாங்க?"

கடுகு தலைமை சிஸ்டரைப் பார்த்தாள். தலைமை சிஸ்டர் தாளாளர் சிஸ்டரைப் பார்த்தார். தாளாளர் சிஸ்டருக்கு இருமல்கூட வரவில்லை.

"நீங்க வரணும்னுதான் ஐயா" என்றாள் கடுகு.

"எனக்காகவா?" அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். சற்று முன்வரை தான் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தார் போல. பிறகு தாளாளர் சிஸ்டரிடம் சொன்னார். "இனிமே எந்தக் கட்டடமா இருந்தாலும் முடிஞ்ச அன்னைக்கே திறந்துடுங்க. விழாவை அப்புறமா வெச்சுக்கலாம்." ஓர் அடி எடுத்து வைத்தவர் திரும்பினார். "கல்வெட்டுல என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

மிச்ச விழாவும் நடந்தது. தாளாளர் சிஸ்டர் அறிக்கை முழுவதையும் படித்தார். அதிகாரி கால்மேல் கால் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பழரசம்கூட ஒன்று வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை காலை அம்மா கண் விழித்தபோது தம்பியைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். இல்லை. அவன் சீருடை போட்டு, பையை மாட்டி, வாசலில் நின்றான். ஒரு முட்டி மடங்கியிருந்தது.

"டேய், என்னடா இப்படி நிக்கிற? உள்ள போய்ட்டு வாடா!" என்றார் அம்மா.

"மாட்டேன்."

"ஏன்?"

"இங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துல போய்த்தான் போவேன். அங்கதான் நல்லா இருக்கு."

அம்மா கடுகைப் பார்த்தார். கடுகு பெருமூச்சு விட்டாள். தலைகூட வாராமல் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"ஓடுடா!" என்றாள். இருவரும் ஓடினார்கள்.